திருப்பி ஒட்டிய பெட்டிகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கிள்ளான் கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடை வாசலில் நின்று, "தம்பி, காலி பாக்ஸ் ஏதும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த இளைஞர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழைய பேப்பர் யாவாரமா ஆன்டி?" என்றார். இல்லை தம்பி, மகளுக்கு என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நான்கு பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். நான் அங்கேயே அவற்றைப் பிரித்துத் தட்டையாக்கி, கொண்டுபோயிருந்த கயிற்றால் கட்டினேன். அப்படிக் கட்டத் தெரிந்த கிழவியை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

உங்களில் பாதிப் பேருக்கு இப்போது இதே வேலைதான் என்று எனக்குத் தெரியும். நாம் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே எதையாவது விற்கிறார்கள். நாம் கத்தரிக்கோலும் ஒட்டுநாடாவுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். என் மகள் மண் அகல் விளக்குகளுக்கு வண்ணம் தீட்டி விற்கிறாள். "மா, வெளக்கு வெலய விட பாக்ஸ் வெல ஜாஸ்தியா இருக்கு லா" என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள். கைப்பேசியில் நான்கைந்து கூரியர் நிறுவனங்களின் கட்டணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். இப்போது எடையை மட்டும் பார்ப்பதில்லையாம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கியும் பார்ப்பார்களாம். உள்ளே வெறும் காற்று இருந்தாலும் அதற்கும் கட்டணம் உண்டு. என் அப்பா இதைக் கேட்டிருந்தால் உட்கார்ந்து ஒரு புகார்க் கடிதம் எழுதியிருப்பார்.

அப்பா பெட்டி தேடிய அந்தக் கடைசிப் பருவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை. அப்போதும் வரவில்லை. வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மா தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுட்டுத் தபாலில் அனுப்புவார். முதலில் கேரி தீவில் இருந்த ஒரு அக்கா கேட்டார். தோட்டத்தில் பெண்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் வரை வேலைக்குப் போவார்கள், பலகாரம் சுட நேரம் இருக்காது. அவர் மற்றவர்களிடம் சொல்ல, அவர்கள் தங்கள் உறவுக்காரர்களிடம் சொல்ல, பேராக்கிலிருந்தும் பகாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லாம் தோட்டத்து முகவரிகள். அம்மா அவர்களில் முக்கால்வாசிப் பேரைப் பார்த்ததே இல்லை.

அச்சு முறுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கையில் எடுத்தாலே உதிரும். அதைத் தபால் மூட்டைக்குள் போட்டு, ரயிலில் ஏற்றி, லோரியில் ஏற்றி, தோட்டத்து ஆபீஸில் இறக்கி, அதன் பிறகும் அது பூவாகவே போய்ச் சேர வேண்டும். அது அம்மாவின் கவலை. தபால் செலவு முறுக்கின் விலையைத் தின்றுவிடக்கூடாது. அது அப்பாவின் கவலை.

அப்பாவுக்கு அந்தக் கவலை பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வேலை முடிந்ததும் சைக்கிளில் கடை கடையாகப் போவார். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். செருப்புக் கடைப் பெட்டி லேசு, ஆனால் கட்டைவிரலால் அமுக்கினால் உள்ளே போய்விடும். பால் டின் வருகிற பெட்டி மேல் ஏறி நின்றாலும் தாங்கும், ஆனால் அதன் எடையே பார்சலை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும். கிளினிக்கில் மருந்து பாட்டில் வருகிற பெட்டிதான் தங்கம் என்பார். அதற்கு அடுத்தது பீர் பெட்டி.

"நோய்க்காரன் பாக்ஸ்லயும் குடிகாரன் பாக்ஸ்லயும் பலகாரமா? யாரு வாங்குவா?" என்று அம்மா முதல் வருஷமே சொல்லிவிட்டார்.

அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வரும் ஆவியில் பெட்டியின் ஒட்டுப் பக்கத்தைக் காட்டுவார். பசை இளகும். சமையலறைக் கத்தியை உள்ளே விட்டு மெதுவாகப் பிரிப்பார். அப்புறம் பெட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மாவுப் பசை தடவி ஒட்டிவிடுவார். ஒட்டிய இடம் காய்கிற வரை அழுத்தம் வேண்டும் என்பதற்காக என்னை மேலே உட்காரவைப்பார். நான் பள்ளிப் பாடம் முழுக்க அப்படி உட்கார்ந்தே படித்திருக்கிறேன். காய்ந்த பிறகு பார்த்தால் எந்த எழுத்தும் இல்லாத, யாருடையதும் இல்லாத ஒரு பழுப்புப் பெட்டி. மூக்கை உள்ளே விட்டால் மட்டும் கொஞ்சம் பீர் வாசம், கொஞ்சம் மாவு வாசம்.

கடைசியாக அதைத் தராசில் வைத்து, காலிப் பெட்டியின் எடையை உள்மடிப்பில் பென்சிலால் எழுதுவார். இருநூற்றுப் பத்து கிராம். நூற்றுத் தொண்ணூறு. எடை ஒரு படியைக் கொஞ்சம் தாண்டினால் மடிப்பின் ஓரத்தைப் பிளேடால் சீவிக் குறைப்பார். மேலே ஒரு ரப்பர் முத்திரை, அப்பாவின் பெயரும் வீட்டு எண்ணும் தெருவும். அனுப்புநர் அவர்தான். முறுக்கு சுடுபவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை, அது அப்போது எங்கள் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அந்த வருஷம் முப்பது பெட்டிகள். திருப்பி ஒட்டி, எடை எழுதி, முத்திரை குத்தி, தட்டையாக மடித்து, கூடத்தில் சுவரோரம் அடுக்கிவைத்திருந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் வேலைக்குப் போனவர் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

சவப்பெட்டி வைக்கக் கூடத்தில் இடம் வேண்டும் என்று யாரோ அந்தப் பெட்டிகளை எடுத்து அறைக்குள் போட்டார்கள். என்னையும் அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். நான் வழக்கம்போல அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வெளியே பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரல் எதுவென்று பிரித்துக் கேட்க முயன்றேன், முடியவில்லை. என் உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது. அன்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான், உள்ளங்கால்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பந்திங்கிலிருந்து வந்து எல்லாவற்றையும் நின்று செய்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அண்ணனின் பெயர் பேப்பரில் வர வேண்டும் என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அம்மா வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தமிழ்ப் பேப்பரில் அப்பாவின் படம் வந்தது. கட்டம் போட்டு, பெயர் போட்டு, வீட்டு முகவரி போட்டு, கருமாதி நாளும் போட்டிருந்தது. துக்க வீட்டார் பத்து இருபது பேப்பர் வாங்கி வருகிறவர்களுக்குக் கொடுப்பது நம்மிடம் உள்ள வழக்கம்தானே. சித்தப்பா இருபது பேப்பர் வாங்கி, கயிறு கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தார். "கருமாதிக்கு வர்றவங்களுக்குக் குடுக்கலாம்" என்றார்.

அன்று அவர் அம்மாவிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லிடுவாங்க அண்ணி. எப்படியும் நீங்க நம்ம வீட்டுக்குத்தான் வரணும். பாப்பா அங்க ஸ்கூலுக்குப் போகட்டும்."

"தீபாவளி முடியட்டும் தம்பி. முப்பது ஆர்டர் இருக்கு. அது நல்லபடியா போயிட்டா இங்க பக்கத்துல சாலாக் செலாத்தான்ல ஒரு ரூம் எடுத்துக்குவேன். இவ ஸ்கூல மாத்த வேணாம்."

"அண்ணி, இது துக்க வீடு. எண்ணச் சட்டி வைக்கலாமா? வாங்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"அவுங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் தூரத்துல இருக்கிறவங்க. பேப்பர்ல வர்ற சின்னப் படத்த யாரு பாத்து வச்சுக்கப் போறா?"

சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். பதினாறு நாள் அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது. அந்த வீட்டுப் பலகாரத்தை யாரும் கையில் வாங்க மாட்டார்கள், அதுவும் தீபாவளிக்கு. ஆனால் பதினாறாம் நாள் வரை காத்திருந்தால் பார்சல்கள் தீபாவளிக்குப் போய்ச் சேராது. அம்மாவுக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. யாருக்கும் தெரியாமல் முப்பது பெட்டிகளை அனுப்புவது, அல்லது கொழுந்தன் வீட்டு ஓர் அறையில் போய் ஒதுங்குவது. அம்மாவுக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. சித்தப்பா கெட்டவர் என்பதால் அல்ல. இன்னொருவர் அடுப்பில் கேட்டுக் கேட்டுச் சமைக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் பின்வரிசைக் கடைவீட்டில் ஒரு சீன ஆன்டி இருந்தார். காலையில் மீ என்கிற நூடுல்ஸ் விற்பார், மதியத்துக்குமேல் அவர் பின்கட்டு அடுப்பு சும்மா கிடக்கும். அம்மா போய்க் கேட்டார். சீனர்களுக்கும் சாவுத் தீட்டு உண்டு, நம்மைவிடக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. ஆன்டி யோசித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் பம்பிளிமாஸ் இலைகளைப் போட்டு வாசலில் வைத்தார். தினமும் அதில் கை, கால், முகம் கழுவிவிட்டு உள்ளே வரவேண்டும் என்று மலாயில் சொன்னார். அம்மா தன் சட்டி, தன் எண்ணெய், தன் அச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். "அந்த அடுப்புக்குத் தீட்டு இல்ல" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

ஐந்து மதியங்கள் சுட்டோம். தாலி கழற்றாத கழுத்தோடு அம்மா அடுப்பு முன்னால் நின்றார். அதைக் கழற்றுவது கருமாதியில்தான். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டு உதறுவார். முறுக்கு கழன்று மிதக்கும். நான் கம்பியால் குத்தி எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்குவேன். தேங்காய்ப்பால் வாசமும் அரிசி மாவு வாசமும் எல்லா வருஷமும் போலவே இருந்தன. அது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

ஆறாம் நாள் கட்டினோம். பந்திங்குக்கு ஆர்டர் எதுவும் இருக்கவில்லை, அது ஒரு நிம்மதி. முறுக்கை அடுக்கி, பிளாஸ்டிக் பையில் மூடி, பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கசக்கிய பேப்பரைத் திணிக்க வேண்டும். பேப்பர்தான் குலுங்காமல் காப்பது. பேப்பர் திணிப்பது எப்போதும் என் வேலை. அம்மா முறுக்கு அடுக்கித் தருவார், நான் பேப்பர் வைப்பேன், அப்பா கயிறு கட்டுவார். அன்று கயிறு கட்டச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மனமில்லாமல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தார்.

பத்துப் பெட்டிகள் முடிந்தபோது பழைய பேப்பர் தீர்ந்துபோனது. அப்பா இருந்தால் பக்கத்து வீடுகளில் வாங்கிச் சேர்த்துவைத்திருப்பார். சித்தப்பா கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா பின்வாசலில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், "என்ன நிறுத்திட்ட? பேப்பர் வச்சு அடை" என்றார். நான் அறைக்குள் போனேன். கட்டிலுக்கு அடியில் அந்தக் கட்டு இருந்தது. இருபது பேப்பர். மிச்சம் இருந்த பெட்டிகள் இருபது.

உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. படத்தைப் பார்த்தேன். அது அப்பா என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு பேப்பரையும் விரித்து, அப்பா முகம் உள்ள தாளை மட்டும் கசக்காமல், முகம் உள்பக்கம் வரும்படி நான்காக மடித்து, பெட்டியின் அடியில் வைத்தேன். எண்ணெய் படக்கூடாது என்று அப்படி மடித்தேன். மற்றத் தாள்களைக் கசக்கிச் சுற்றிலும் அடைத்தேன். இருபது தடவை அதையே செய்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று பிறகு எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நினைக்கவில்லை. பேப்பர் வேண்டும், பேப்பர் இருந்தது. தோட்டத்தில் சாமான் சுற்றி வருகிற துண்டுத் தாளையும் விரித்து வைத்துப் படிப்பார்கள் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியாது.

சித்தப்பா திரும்பி வந்தபோது பெட்டிகள் மூடியிருந்தன. அவர் கயிறு கட்டினார். மறுநாள் மதியம் ஒரு வாடகை வேனில் ஏற்றி மூவரும் அஞ்சலகத்துக்குப் போனோம். அம்மா வேனைவிட்டு இறங்கவில்லை, துக்க உடையைக் கவுன்டரில் யாரும் பார்த்துக் கேட்கக்கூடாது என்று. சித்தப்பா பெட்டிகளைச் சுமந்தார். நான் கவுன்டரில் நின்றேன். அங்கே இருந்த மலாய்க்காரருக்கு என்னைத் தெரியும். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து "இசி அபா, டெக்?" என்றார். உள்ளே என்ன என்று வழக்கமாகக் கேட்பதுதான். "முறுக்கு" என்றேன். "பாபா மானா?" என்று அடுத்துக் கேட்டார். அப்பா எங்கே என்று. அதற்கும் "முறுக்கு" என்றே சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தத் தொடங்கினார். ஒரு பெட்டிகூட அடுத்த படிக்குப் போகவில்லை. அப்பாவின் பென்சில் கணக்கு முப்பதுக்கும் சரியாக இருந்தது.

கருமாதி அன்று வந்தவர்களுக்குக் கொடுக்கச் சித்தப்பா அறைக்குள் போய்ப் பேப்பர் கட்டைத் தேடினார். கட்டிலுக்கு அடியில் வெறும் கயிறு கிடந்தது. "பாப்பா, இங்க இருந்த பேப்பர் எங்கம்மா?" என்றார். "தெரியாது" என்றேன். அவர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை. வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைச் சித்தப்பா வாசலில் மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கேரி தீவு அக்காவின் வீட்டுக்காரர். பின்னால் எங்கள் பெட்டி கட்டியிருந்தது. அவர் உள்ளே வரவில்லை. பெட்டியை வாசற்படியில் வைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. மருமக மாசமா இருக்கா. வீட்டுல பெரியவங்க வேணாம்னுட்டாங்க. நாங்க வாயில வைக்கல, அப்படியே இருக்கு." சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கை வைத்து நீவி, திரும்ப மடித்திருந்தது. "அண்ணன் படம். இதக் குப்பையில போட மனசு வரல."

அம்மா தாளை விரித்துப் பார்த்தார். பெட்டியின் மேல் இருந்த முத்திரையைப் பார்த்தார். அதே பெயர், அதே வீட்டு எண். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"இத யாரு உள்ள வச்சது?" என்றார் அம்மா.

நான் கதவோரம் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அப்புறம் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"நாந்தான் அண்ணி. கட்டும்போது பேப்பர் பத்தல. கையில கெடச்சத எடுத்து வச்சிட்டேன்."

"கையில கெடச்சதா?"

"யோசிக்கல அண்ணி."

"எத்தன பாக்ஸ்ல?"

சித்தப்பாவுக்கு அது தெரியாது. அவர் மறுபடியும் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சத்துல" என்றார்.

அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளை மடித்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான். சித்தப்பா, பேப்பரில் போட வேண்டாம் என்று சொன்னதையும் கேட்காதவர், எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது என்றவர், தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றவர். அம்மாவின் மனதில் இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. வேண்டுமென்றே செய்தார் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு சின்னப் பிள்ளையை அடி வாங்காமல் காப்பாற்றச் சொன்ன ஒரு வார்த்தை, நாலு நாளில் மறந்துபோகும் என்று சித்தப்பா நினைத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

அடுத்த இரண்டு வாரங்கள் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. சிலர் தங்கள் செலவிலேயே திருப்பி அனுப்பினார்கள். சிலர் கடிதம் மட்டும் போட்டார்கள், ஒருவர் திட்டி, ஒருவர் ஆறுதல் சொல்லி. பகாங்கிலிருந்து ஒரு பெண், முறுக்கு நன்றாக இருந்தது, அண்ணனுக்காக விளக்கேற்றினோம் என்று எழுதியிருந்தார். அம்மா அதையும் மற்றவற்றோடுதான் போட்டார். திரும்பி வந்த முறுக்கெல்லாம் தூள். பெட்டிகளைச் சீன ஆன்டியின் அடுப்பில் போட்டு எரித்தார். உள்மடிப்பில் அப்பாவின் பென்சில் எழுத்து இருந்தது எனக்கு ஞாபகம் வந்தபோது எல்லாம் எரிந்துவிட்டிருந்தது. அப்பாவின் கையெழுத்து உள்ள எதுவும் இன்று என்னிடம் இல்லை.

மறு வருஷம் யாரும் ஆர்டர் கேட்டு எழுத மாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சாலாக் செலாத்தான் அறைப் பேச்சு நின்றது. வருஷக் கடைசியில் பந்திங்குக்குப் போனோம்.

சித்தப்பா வீட்டில் எட்டு வருஷம் இருந்தோம். அம்மா அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. "உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, அரிசி தீர்ந்துடுச்சுன்னு." "உங்க சித்தப்பாகிட்ட கேளு, சாப்பாடு எடுத்து வைக்கவான்னு." அவர் அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, கேட்டுவிட்ட ஒன்றை அவரிடம் மறுபடியும் சொல்வேன். சித்தியும் வந்து, அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறந்து, அந்தப் பிள்ளைகளும் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் என்றே நினைத்து வளர்ந்தார்கள். அம்மாவுக்கென்று அவர் பின்கட்டில் தனி அடுப்பு கட்டினார், புதுச் சட்டி வாங்கி வைத்தார். அம்மா அந்தச் சட்டியை ஒருநாளும் ஏற்றவில்லை. பிறகு அச்சு முறுக்கு சுடவே இல்லை.

நான் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வயதில் பயம். பதினாறில் வெட்கம். நான் வேலைக்கு வந்து, கிள்ளானில் வீடு எடுத்து, அம்மாவைக் கூட்டி வந்த பிறகு, இனி எதற்கு என்று தோன்றியது. சித்தப்பாவும் ஒருநாளும் அதைப் பேசவில்லை. என் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காராமல் பந்தியில் நின்று பரிமாறினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்வார். "அண்ணி நல்லா இருக்காங்களா?" என்பார். "நல்லா இருக்காங்க சித்தப்பா" என்பேன். அம்மா பக்கத்திலேயே டிவி பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லாமல் விட்டதற்கு எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை. சொல்லாமலே பழகிவிட்டது.

போன மாதம் சித்தப்பா இறந்தார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது. சித்தப்பா இறந்த செய்தியைச் சொன்னேன். தலையை ஆட்டினார். பந்திங்குக்கு வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கருமாதி முடிந்து திரும்பும்போது சித்தப்பாவின் மகன் என் காரில் ஒரு பேப்பர்க் கட்டை வைத்தான். "பேப்பர் நெறைய மிஞ்சிடுச்சுக்கா. உங்க பக்கம் சொந்தக்காரங்களுக்குக் குடுங்க."

நான் அதைக் கூடத்தில் மேசைமேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். நேற்று முன்தினம் மகள் தரையில் விளக்குகளைப் பரப்பிக் கட்டிக்கொண்டிருந்தாள். கூரியர்காரர் வருகிற நேரம். காற்றுக்குமிழ் உறை தீர்ந்துவிட்டது. "மா, பேப்பர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து, மேசைமேல் இருந்த கட்டை அவிழ்த்து, ஒரு தாளை உருவினாள்.

நான் கத்தினேன். வீட்டில் நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மகள் தாளோடு அப்படியே நின்றாள். அம்மா நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

நான் போய்த் தாளை வாங்கினேன். சித்தப்பாவின் படம். எந்த வயதில் எடுத்ததோ, முடி நிறைய இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உட்காரும்போது அதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

"மா, அன்னைக்கு முறுக்கு பாக்ஸ்ல பேப்பர் வச்சது சித்தப்பா இல்ல. நான்."

"எந்த பேப்பரு?"

"அப்பா படம் போட்ட பேப்பரு. கட்டிலுக்கு அடியில இருந்துச்சே. இருபது பாக்ஸ்லயும் நாந்தான் வச்சேன். சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்காகத்தான் அவரு வச்சேன்னு சொன்னாரு."

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புரியவில்லையோ என்று நினைத்தேன்.

"அப்ப தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லணுமே" என்றார் அம்மா. "போன் போட்டுக் குடு."

தம்பி என்று அவர் சொல்லி நான் கேட்டது, நாற்காலி மடித்த அந்தக் காலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

போனை எடுத்தேன். அந்த எண் இன்னும் அதில் இருந்தது. அம்மா கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார்.